நீராடலும் நீர் காத்தலும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. சிலம்பின் சுவையையோ கம்பனின் நயத்தையோ கேட்கலாம் என்று வந்திருக்கும் உங்கள்முன், குளியலறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்று கூறினால் உங்களுக்கு நகைப்புத் தோன்றலாம். ஆயினும், கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தவர் திருவள்ளுவர். நீரைப் பற்றிப் பேசுவது தமிழ் மேடைக்குப் புறம்பானது ஆகாது. அதிலும் பெங்களூரில் வாழும் தமிழர்களாகிய நமக்கு, காலையில் குழாயைத் திறந்து நீராடும் அச்சிறு செயல், பிறந்த மண்ணையும் வாழும் மண்ணையும் ஒருங்கே தொடுவதாக அமைந்துவிட்டது. அது எவ்வாறு என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஆறில்லா நகரும் அதன் நீரும்

உலகின் பெருநகரங்கள் பலவும் ஆற்றங்கரையில் எழுந்தவை. மதுரைக்கு வைகை, திருச்சிக்குக் காவிரி, இலண்டனுக்குத் தேம்சு. பெங்களூருக்கோ அத்தகைய பேராறு எதுவும் இல்லை. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், மேட்டு நிலத்தின் முகட்டில் அமைந்த ஊர் இது. கெம்பேகௌடரும் அவர் வழிவந்தோரும் மழைநீரைத் தேக்க ஏரிகளை வெட்டினர். ஓர் ஏரி நிறைந்தால் அதன் மிகைநீர் கால்வாய் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். அந்த ஏற்பாட்டின் பெரும்பகுதியை நகர வளர்ச்சி விழுங்கிவிட்டது. மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் இறங்குகின்ற நம்மில் எத்தனை பேர், தருமாம்புதி என்னும் ஏரியின் தரையில் இறங்குகிறோம் என்று எண்ணுகிறோம்? கண்டீரவ விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியின் இடத்தில் நிற்கிறது. நம் மக்கள் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அல்சூரில் ஏரி எஞ்சியிருப்பது நமது நற்பேறு.

ஏரிநீர் போதாமற் போகவே, 1896ஆம் ஆண்டு அர்க்காவதி ஆற்றின் எசரகட்டா ஏரியிலிருந்து குழாய் வழியே நீர் கொணரப்பட்டது. அப்பொழுது மைசூர் அரசின் திவானாக விளங்கியவர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்திலே தோன்றிய சேஷாத்திரி ஐயர். பின்னர் 1933இல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் அமைந்தது. அதுவும் போதாமையால், 1974இல் காவிரித் திட்டத்தின் முதற்கட்ட நீர் நகருக்குள் நுழைந்தது. 1982, 1993, 2002, 2012 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த கட்டங்கள் நிறைவேறின. நான்கு கட்டங்களும் சேர்ந்து நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் வழங்கின. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபர் 16 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அது மேலும் 77 கோடியே 50 இலட்சம் லிட்டர் வழங்குமாறு அமைக்கப்பட்டது.

இந்நீர் தானாக ஓடிவருவதன்று. தொரெகாடனஹள்ளியில் தூய்மை செய்யப்பெற்று, அங்கும், ஆரோஹள்ளியிலும், தாதகுணியிலும் ஆக மூன்று இடங்களில் பெரும் பொறிகளால் உந்தப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவு மேடேறி வருகிறது. குடிநீர் வாரியத்தின் செலவில் பெரும்பங்கு மின்சாரத்திற்கே போகிறது. தஞ்சைக்குக் காவிரி கீழ்நோக்கி ஓடிச் செல்கிறாள். பெங்களூருக்கு அவளை நாம் தூக்கிக்கொண்டு வருகிறோம். தூக்கிவந்த பொருளை வாசலில் கொட்டுவார் உண்டோ?

தீர்ப்பிலே இடம்பெற்ற நம் வாளி

காவிரி வழக்கைப் பற்றி நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அவ்வழக்கின் முடிவில் பெங்களூர் மக்களின் குளியலுக்கும் சமையலுக்கும் ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் கவனித்திலர். நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டு தன் இறுதித் தீர்ப்பில், பிலிகுண்டுலு அளவை நிலையத்தில் தமிழகத்திற்கு ஆண்டுக்கு 192 டி.எம்.சி. நீர் விடப்படவேண்டும் என வகுத்தது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அதனை 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. குறைந்த 14.75இல், 10 டி.எம்.சி. தமிழகப் படுகையின் நிலத்தடி நீரைக் கருதியது. எஞ்சிய 4.75 டி.எம்.சி. பெங்களூர் மாநகரின் குடிநீர்த் தேவையைக் கருதியது. நகரின் மூன்றில் ஒரு பகுதியே காவிரிப் படுகைக்குள் அமைந்தது என்று நடுவர் மன்றம் கணக்கிட்டிருந்தது. குடிநீர்த் தேவைக்கு அவ்வாறு எல்லைக்கோடு வரைவது பொருந்தாது என்பது உச்ச நீதிமன்றத்தின் கருத்து.

இத்தீர்ப்பைக் குறைகூறவோ புகழவோ யாம் இங்கு வரவில்லை. தாகத்திற்கு முதலிடம் என்னும் அறத்தை எவரும் மறுக்க மாட்டார். ஆனால் அந்த முதலிடம் தாகத்திற்கு அளிக்கப்பட்டது. காரைக் கழுவுவதற்கோ, பல் துலக்கி முடியும்வரை குழாயைத் திறந்து வைப்பதற்கோ அது அளிக்கப்படவில்லை. நம் வீடுகளில் பலருக்கு அண்ணன் தம்பியர் திருவாரூரிலும் மன்னார்குடியிலும் இன்றும் பயிர் செய்கின்றனர். குறுவைக்கு நீர் வருமா என்று அவர்கள் வானையும் மேட்டூரையும் மாறி மாறிப் பார்க்கின்றனர். இன்னொரு புறம், இந்நகரின் பல பகுதிகளில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் சில மணி நேரமே குழாயில் நீர் வருகிறது. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மையார், தம் வீட்டில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு வருகிறார். இவ்விருவர்க்கும் இடையில், குழாயைத் திறந்தால் நீர் கொட்டும் இல்லங்களில் நாம் வாழ்கிறோம்.

1991ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2016ஆம் ஆண்டு செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் இந்நகர வீதிகளில் நிகழ்ந்தவற்றை இங்குள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு அஞ்சியிருந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்களைத் தம் வீட்டிற்குள் அழைத்துக் காத்த கன்னட அண்டை வீட்டாரும் உண்டு. வழக்கு மன்றத்தின் வேலை நமதன்று. அரசுகளின் வேலையும் நமதன்று. நம் வீட்டுக் குழாய் ஒன்றே நம் கைக்குள் இருப்பது.

ஒரு குளியலின் கணக்கு

இனிக் கணக்கிற்கு வருவோம். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் வேண்டும் என்பது இந்திய அரசின் திட்ட அளவு. இந்தியத் தர நிர்ணயம் அதனைப் பகுத்துக் காட்டுகிறது. குடிக்க 5; சமைக்க 5; துணி துவைக்க 20; பாத்திரம் கழுவ 10; வீடு கழுவ 10; கழிப்பறைக்கு 30; குளிப்பதற்கு 55. குடிக்கும் நீரைப்போல் பதினொரு மடங்கு குளிக்கப் போகிறது. ஆதலின், வீட்டு நீரைக் காக்க எண்ணுவோர் முதலில் நுழையவேண்டிய அறை குளியலறையே.

அந்த 55 லிட்டரையும் நாம் மதிக்கின்றோமா? சாதாரணமான ஷவர் ஒன்று நிமிடத்திற்கு 10 முதல் 15 லிட்டர்வரை நீரைப் பொழியும். அமெரிக்க நாட்டிலேயே 1994 முதல் ஒரு ஷவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 9½ லிட்டருக்கு மேல் பொழியலாகாது என்று சட்டவரம்பு வைத்தனர். நிமிடத்திற்கு 10 லிட்டர் என்றே கொள்வோம். பத்து நிமிடக் குளியலுக்கு 100 லிட்டர் ஆயிற்று. நால்வர் வாழும் வீட்டில் அது 400 லிட்டர். அதே நால்வர் ஆளுக்கு இரண்டு வாளி, அதாவது 40 லிட்டர் நீரில், செம்பால் மொண்டு குளித்தால் 160 லிட்டரே ஆகும். மிச்சம் 240 லிட்டர். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 87,600 லிட்டர். ஆறாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் பதினான்கு நம் வாசலில் வந்து நின்றதற்கு ஒப்பாகும்.

ஷவரே தீயது என்று சொல்ல வரவில்லை. முழங்கால் நோயால் குனிந்து மொள்ள இயலாத முதியோருக்கு அது பேருதவி. சோப்புத் தேய்க்கும்போது அதை மூடிவிட்டு, மொத்தம் மூன்று நிமிடமே திறந்து வைத்தால் 30 லிட்டரில் குளியல் முடிந்துவிடும். அது இரண்டு வாளியினும் குறைவு. மறுபுறம், வாளியில் குளிக்கிறோம் என்று கூறிக்கொண்டு, வாளி நிரம்பி வழிய வழியக் குழாயைத் திறந்து வைப்பாரும் உளர். அவர்கள் ஷவரில் குளிப்பாரைக் குறைகூறுதல் தகாது. கருவி எதுவாயினும், குழாயின் திருகு நம் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

பெங்களூருக்கே உரிய ஒரு விரயமும் உண்டு. குளிர் மிகுந்த ஊராதலால் வெந்நீர் இன்றிக் குளிப்போர் அரியர். மாடியில் சூரிய வெப்பக் கலம் அமைத்த வீடுகள் பல. மாடியிலிருந்து குளியலறைவரை இறங்கிவரும் குழாயில் இரவெல்லாம் நின்ற நீர் குளிர்ந்திருக்கும். முக்கால் அங்குலக் குழாயில் ஒரு மீட்டர் நீளத்திற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு லிட்டர் நீர் நிற்கும். இருபது மீட்டர்க் குழாயில் ஆறு லிட்டருக்கு மேல். வெந்நீர் வரும்வரை அதனை அப்படியே சாக்கடையில் ஓடவிடுகிறோம். ஒரு வாளியை வைத்துப் பிடித்தால் அது குடிநீருக்கு நிகரான தூய நீர். துணி அலசலாம், தரை துடைக்கலாம்.

இந்நகரின் மக்கள்தொகை ஒரு கோடிக்கு மேல். ஒரு கோடிப் பேர் நாள்தோறும் ஆளுக்கு ஒரே ஒரு வாளி, இருபது லிட்டர், மிச்சம் பிடித்தால் நாளொன்றுக்கு 20 கோடி லிட்டர். ஓராண்டில் 7,300 கோடி லிட்டர். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி; லிட்டரில் சுமார் 2,832 கோடி. ஆகவே நம் ஒருவாளிச் சிக்கனம் ஆண்டுக்கு இரண்டரை டி.எம்.சி.க்கு மேல் ஆகிறது. செய்தித்தாளில் டி.எம்.சி. என்னும் சொல்லைக் கண்டதும் அது அணைகளுக்கும் அமைச்சர்களுக்கும் உரிய பெரிய சொல் என்று கருதிப் புரட்டிவிடுகிறோம். அது வாளிகளால் ஆன சொல்லே.

முன்னோர் நீராடிய முறை

குளித்தல் என்னும் சொல்லுக்கு மூழ்குதல் என்பது பழம்பொருள். முத்துக்குளித்தல் என்னும் வழக்கு அதற்குச் சான்று. ஆறும் குளமும் அருகிருந்த காலத்தில் மூழ்கிக் குளித்தனர். மூழ்கியவர் எழுந்து சென்றபின் நீர் ஆற்றிலேயே இருந்தது. கிணற்றடியில் குளித்தோர் தாமே இறைத்துக் குளித்தனர். இறைக்கும் தோள் அளவறிந்து இறைக்கும். குளித்த நீர் கிணற்றடி வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் பாய்ந்தது. சீயக்காயும் அரப்பும் கலந்த அந்நீரால் மண்ணுக்குத் தீங்கு நேரவில்லை.

கன்னட மக்களின் வழக்கமும் இதற்குக் குறைந்ததன்று. பழைய வீடுகளில் குளியலறையாகிய 'பச்சலு மனெ'யில், அடுப்பின்மேல் பதித்த செம்பு 'ஹண்டெ' இருக்கும். வீட்டார் அனைவர்க்கும் அன்றைய வெந்நீர் அதில் உள்ளதே. முதலில் குளிப்பவர் பின்னால் வருபவரை எண்ணி மொள்ளுவார். தீபாவளிக்கு முந்திய நாளை அவர்கள் 'நீரு தும்புவ ஹப்ப', அதாவது நீர் நிரப்பும் விழா என்று கொண்டாடுகின்றனர். ஹண்டெயைத் துலக்கிப் பொட்டிட்டு அலங்கரித்து நீர் நிரப்பி, மறுநாள் எண்ணெய்க் குளியலுக்கு ஆயத்தம் செய்வர். நாமோ அதே விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து நீராடி, எதிர்ப்படுவோரைக் கங்கா ஸ்நானம் ஆயிற்றா என்று கேட்கின்றோம். துலா மாதத்தில் மயிலாடுதுறையில் நம்மவர் காவிரியில் மூழ்கும் பருவத்தில், குடகின் தலைக்காவிரியில் கன்னட மக்கள் துலா சங்கிரமண நீராடலுக்குக் கூடுகின்றனர். வழக்காடும் இரு மக்களும் வணங்கும் நீர் ஒன்றே.

குளித்த நீர் செல்லும் வழி

குளித்த பின் நீர் எங்கே போகிறது? இதை நாம் எண்ணுவதே இல்லை. பெங்களூர் முகட்டில் அமைந்த ஊர் என்று முன்னர்க் கூறினோம். மேற்கே சரியும் நீர் விருஷபாவதியில் விழுந்து, அர்க்காவதி வழியாகக் காவிரியையே மீண்டும் அடைகிறது. கிழக்கே சரியும் நீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தட்சிண பினாகினியில் சேர்கிறது. அந்தத் தட்சிண பினாகினியே தமிழகத்தில் தென்பெண்ணை எனப் பெயர் பெறுகிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை மலைபோல் பொங்கிய காட்சியைச் செய்திகளில் கண்டிருப்பீர்கள். நகரத்துக் கழிவும், நம் குளியலறைகளிலும் துணி துவைக்கும் கல்லிலும் கரைத்த சோப்பும் அதில் கலந்தவை.

ஆக, காவிரியிலிருந்து வரும் நீரும், நாம் கழித்து விடும் நீரும் என இரு வழியாலும் நம் உறவினரின் வயலோடு இணைந்திருக்கிறோம். ஆற்றுப் படித்துறையில் நிற்பவன் கீழ்ப்படியில் நிற்பவனை எண்ணிக் குளிக்க வேண்டும் என்பது ஊரறிந்த ஒழுக்கம். நம் நான்காம் மாடிக் குளியலறையும் ஒரு மேற்படியே. நற்செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்டத்து ஏரிகளை நிரப்பும் திட்டம் 2018இல் செயற்படத் தொடங்கியது. கழிவுநீருக்கும் பயன் உண்டு என்பதற்கு அது ஒரு சான்று.

இடர் வந்த நாட்கள்

2024ஆம் ஆண்டுக் கோடையை நாம் மறக்கவில்லை. நகரத்து ஆழ்துளைக் கிணறுகள் ஏறக்குறைய 14,000 இல், பாதியளவு வறண்டன. காரைக் கழுவவும், தோட்டத்திற்குப் பாய்ச்சவும், கட்டடம் கட்டவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் தண்டம் என அவ்வாண்டு மார்ச்சில் குடிநீர் வாரியம் ஆணையிட்டது. லாரி நீரின் விலைக்கு மாவட்ட நிர்வாகம் உச்சவரம்பு விதிக்க நேர்ந்தது. அதற்கு ஐந்தாண்டுகள் முன், 2019 கோடையில், சென்னையின் ஏரிகள் வறண்டு, சூலை மாதத்தில் சோலார்பேட்டையிலிருந்து இரயில் வண்டியில் நீர் சென்றது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரத்தார் 2018 பிப்ரவரி முதல் நாளொன்றுக்கு ஆளுக்கு 50 லிட்டர் என்னும் வரம்புக்குள் வாழ்ந்தனர். இரண்டு நிமிடத்தில் குளியலை முடியுங்கள் என்று அங்கே அறிவுறுத்தப்பட்டது. குழாய்கள் முற்றும் அடைபடும் நாள் வந்துவிடும் என்று அஞ்சினர். மக்களின் சிக்கனமும் பின்னர்ப் பெய்த மழையும் சேர்ந்து அந்நாளைத் தடுத்தன. இடர் வந்த பின் கட்டாயத்தால் கற்பதை, இடர் வருமுன் விரும்பிக் கற்கலாகாதா?

செய்யத்தக்கவை

நம் இல்லங்களில் எளிதில் செய்யத்தக்க சிலவற்றைக் கூறி அமைகிறோம்.

முதலாவது, குளியலை வாளியால் அளந்து கொள்வது. ஷவரே வேண்டும் என்போர் சோப்புத் தேய்க்கும்போது அதை மூடிவிடுக. குறைந்த நீர் பொழியும் ஷவர்த் தலைகள் கடைகளில் கிடைக்கின்றன.

இரண்டாவது, குழாய் முனையில் ஏரேட்டர் எனப்படும் சிறு வலைக்குமிழைப் பொருத்துவது. அது நீரோடு காற்றைக் கலந்து, கை கழுவும் நீரைப் பெரிதும் குறைக்கிறது. அதன் விலை மிகுதியன்று.

மூன்றாவது, ஒழுகும் குழாயை அன்றே செப்பனிடுவது. நொடிக்கு ஒரு துளி ஒழுகினாலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு வாளி நீர் போய்விடுகிறது. பிளம்பர் வருகிறேன் என்றார், வரவில்லை என்று ஒரு மாதம் காத்திருந்தால் முப்பது வாளி.

நான்காவது, குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பொறி வெளியேற்றும் நீரை வீணாக்காமை. பல பொறிகள் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிக்கின்றன. அதனைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் கொள்ளலாம்.

ஐந்தாவது, மழைநீர். பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாக 970 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. 1,200 சதுர அடிக் கூரைமேல் ஆண்டில் ஓர் இலட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. பெரிய மனைகளில் மழைநீர்ச் சேகரிப்பு வேண்டும் என 2009ஆம் ஆண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டது. பலர் சட்டத்திற்காகக் குழாய் வைத்தனர். குப்பை அடைத்த பின் திரும்பிப் பார்த்திலர். இவ்வாண்டு மழைக்கு முன் ஒருமுறை மாடியேறிப் பார்ப்போம்.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். நீர் வரும் நேரம் எது, தொட்டியில் எவ்வளவு உள்ளது என்பது பெரும்பாலும் உங்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தியாக இருக்கிறது. நள்ளிரவில் எழுந்து மோட்டார் போடுவோரும் நீங்களே. அக்கவலையைத் தனியே சுமவாதீர்கள். வீட்டிலுள்ள ஆடவரும் பிள்ளைகளும் ஒரு வாரம் தொட்டியின் கணக்கை எழுதி வரட்டும். கணக்கு எழுதியவன் கை குழாயை மூட மறக்காது.

நம் சங்கத்திற்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த பொங்கல் விழாவிலே, சென்ற ஆண்டினும் நீர்க்கட்டணம் குறைந்த பத்துக் குடும்பங்களை மேடைக்கு அழைத்துப் பாராட்டுவோம். காலனியில் வாழும் கன்னடக் குடும்பங்களையும் அப்போட்டிக்கு அழைப்போம். காவிரியின் பெயரால் இரு மொழியாரும் ஒரே மேடையில் பாராட்டுப் பெறும் நாள் ஒன்று வரட்டும். அதனை இந்நகரில் நாமே தொடங்கி வைப்போம்.

நாளைக் காலையில் நீராடச் செல்லும்போது, தாதகுணியில் உந்தப்பட்டு வந்த நீர் இது என்பதையும், இது ஓசூரையோ ஒகேனக்கல்லையோ நோக்கி இனிச் செல்லும் என்பதையும் ஒரு கணம் நினைவுகூருங்கள்.